அரசு எதை முதலில் செய்ய வேண்டும்: கடைமடைக்குத் தண்ணீரா, நிலவுக்கு விண்கலமா?

கடைமடைக்காரன் எழுதியது:

2023 ஆகஸ்ட் 23, மாலை 6:04-க்கு சந்திரயான்-3 நிலவின் தென்துருவம் பக்கம் இறங்கியது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, நம்ம திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கித் தொடங்கி வைத்தார்கள். அதே வாரத்தில் தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பக்கம் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து அக்டோபர் 10-ல் மூடினார்கள். இடையில் முறை வைத்து விட்ட தண்ணீரில், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு எவ்வளவு வந்தது என்பது இங்கே இருக்கிற பலருக்கும் தெரியும். கருகிய பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் என்று அறிவித்தார்கள். ஏக்கர் கணக்கில் ஐயாயிரத்து ஐந்நூறுகூட முழுதாக இல்லை. உழவு, விதை, நடவுக் கூலி, அடியுரம் என்று போட்ட பணத்துக்கு அது எந்த மூலைக்கு?

இந்த மூன்றும் ஒரே மாதத்தில் நடந்ததை என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. அதே 2023-ல் டெல்டா முழுக்க ஆறு, வாய்க்கால் தூர்வார ஒதுக்கியது சுமார் 90 கோடி. மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானுக்கு 20,193 கோடி. குஜராத்தில் படேல் சிலைக்கு ஏறக்குறைய 3,000 கோடி. இப்போது 2036 ஒலிம்பிக்கை நடத்தப் போகிறோம் என்கிறார்கள்.

என் கருத்து நேரானது. குடிக்கத் தண்ணீர், பாசனத் தண்ணீர், விளைந்த நெல்லை நனையாமல் எடுத்துக்கொள்ள ஓர் இடம், பிரசவத்துக்கு ஒரு மருத்துவமனை, பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆகியவற்றை எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் ஒரு அரசு உலகத்துக்குக் காட்டும் பெருமைகளில் கை வைக்க வேண்டும். அதற்கு முன் கூடாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் தேசப்பற்று இல்லாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம். நிலவில் இறங்கிய அன்று எங்கள் வீட்டிலும் கைதட்டினோம்.


நாகை கரையோரம் எழுதியது:

அண்ணே, விண்வெளிச் செலவைப் பெருமைக் கணக்கில் எழுதாதீர்கள். எங்களுக்கு அது உயிர்க் கணக்கு.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயலில் செத்தவர்கள் ஐந்நூறுக்கும் மேல். 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு போயின, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செத்தவர்கள் அறுபது பேர் அளவில். 77-ல் இருந்ததைவிடக் கரையோரத்தில் இன்று எத்தனை மடங்கு வீடுகள்! எந்த இடத்தில், எந்த இரவில் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போனதால்தான் இந்த வித்தியாசம். சொன்னது இன்சாட் செயற்கைக்கோள்களின் படங்களையும் ரேடாரையும் வைத்து.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நமக்குச் சொல்ல ஆள் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அப்புறம்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வைத்தார்கள், 2007-ல். அந்த மையம் 2003-ல் இருந்திருந்தால், "அடிப்படைத் தேவை முடியாமல் இந்த ஆடம்பரம் எதற்கு" என்று அன்று கேட்டிருப்போமா மாட்டோமா?

இன்றைக்கு விசைப்படகில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. நடுக்கடலில் இருக்கும்போது புயல் செய்தி படகுக்கே வருகிறது. ஒக்கி புயல் சமயத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது இல்லை.


கடைமடைக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. ஆனால் புயல் எச்சரிக்கைக்குச் செயற்கைக்கோள் வேண்டும் என்பதால் நிலவுக்கும் போக வேண்டும் என்று ஆகிவிடுமா? இன்சாட் அடிப்படைத் தேவை. நிலவு வேறு.


குடமுருட்டி எழுதியது:

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இல்லாவிட்டால் இந்த விவாதம் 615 கோடியையே சுற்றிக்கொண்டிருக்கும்.

2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு மொத்தம் சுமார் 13,000 கோடி. நிலவு, ககன்யான், வானிலை, தொலையுணர்வு எல்லாம் சேர்த்துத்தான். அதே பட்ஜெட்டில் உணவு மானியம் இரண்டு லட்சம் கோடிக்கு மேல். உர மானியம் 1.64 லட்சம் கோடி. அதாவது உணவு மானியத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட விண்வெளிக்குப் போகவில்லை. விண்வெளித் துறையையே நாளைக்கு இழுத்து மூடினாலும் அந்தப் பணம் தலைஞாயிறு வாய்க்காலுக்கு வந்து சேராது. அது வேறு அரசின் பணம், வேறு துறை. ஆறு, வாய்க்கால் தமிழ்நாட்டு நீர்வளத் துறையின் கையில். விண்கலம் பெங்களூரில்.

அப்படியானால் நம் தண்ணீரை எது தின்றது? 2018 ஆகஸ்ட்டை நினைவுபடுத்துகிறேன். மேட்டூர் நிரம்பி வழிந்தது. கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் கடைமடையில் நாற்று விட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பணம் இல்லாமல் நடந்ததா அது? புதுக் கதவணைக்கு அப்புறம் 387 கோடி ஒதுக்க முடிந்ததே. உடைவதற்கு முன் வருடா வருடம் பார்த்துச் சரிசெய்ய அதில் எத்தனை பங்கு தேவைப்பட்டிருக்கும்?

பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. என் பார்வையில் நம் தண்ணீரைத் தின்றது அதுதான். சந்திரயான்மீது கோபப்படுவதால் அந்தக் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.


மன்னை ஆசிரியர் எழுதியது:

குடமுருட்டி சொன்னதை ரயிலில் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் ரயிலை 2004-ல் நிறுத்தினார்கள். அகலப்பாதையாகி மறுபடி ரயில் வந்தது 2023 ஏப்ரலில். நிறுத்திய வருடம் பிறந்த பிள்ளை, பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிற வரைக்கும் ரயிலைப் பார்க்கவில்லை. உப்பு ஏற்றிப் போன பாதை அது. இதே காலத்தில்தான் மும்பை - அகமதாபாத் 508 கிலோமீட்டருக்கு 1.08 லட்சம் கோடியில் புல்லட் ரயில் என்று அடிக்கல் நாட்டினார்கள். இங்கே கடைமடைக்காரன் ஐயா சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. ஒரே அமைச்சகம், ஒரே கஜானா. இரண்டில் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி இங்கே நிஜமாகவே இருக்கிறது.

ஆனால் சந்திரயானைப் பற்றி வேறு ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். அங்கேயே ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, அப்புறம் பொறியியல் போனவர். பள்ளிக்கூடம் என்கிற அடிப்படைத் தேவை நிறைவேறிய இடத்திலிருந்துதான் அவர் கிளம்பியிருக்கிறார். என் வகுப்பில் காலை உணவு வந்த பிறகு முதல் பாடவேளையில் பிள்ளைகள் முகத்தில் இருக்கிற தெளிவைப் பார்க்கிறேன். காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாகப் பெரிதாக்கியபோதும், நாட்டுக்குத் தொழிற்சாலை வேண்டும், சோறு போட்டுக் காசைக் கரைக்கலாமா என்று பேசியவர்கள் இருந்தார்கள். 2023-ல் விரிவாக்கியபோது காலை உணவுக்கு வருடத்துக்குச் சுமார் 400 கோடி என்று கணக்கிட்டார்கள். பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இதைச் செலவுக் கணக்கில் எழுதவே எனக்கு மனம் வரவில்லை.

அதனால் முதலில் எது என்று என்னைக் கேட்டால் பிள்ளைகளின் வயிறும் பள்ளியும் என்பேன். அதற்கு அப்புறம் எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும்.


ஆடுதுறை மாணவி எழுதியது:

எல்லா அண்ணன்களுக்கும் வணக்கம். வேளாண்மை படிக்கிறேன். ஒரு விஷயம் விட்டுப்போகிறது.

1966-ல் இந்தியா அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இருந்த பசிக்கு, கையில் இருந்த காசு முழுவதையும் தானியம் வாங்கவே போட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் தப்பாகத் தெரிந்திருக்காது. ஆனால் அப்போதும் ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சம்பளம் போனது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் டெல்லியில் விதைத் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆடுதுறை நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து 1965-ல் வந்த ஏடிடி 27 என்ற குறுவை நெல்லை வயதானவர்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். ஜப்பான் வகையையும் நம் வகையையும் கலந்தது அது.

இப்போதைய உதாரணம் வேண்டுமானால் சிஆர் 1009 சப் 1 என்ற நெல் வகை. சம்பாவில் மழை நின்று வடியாமல் பயிர் முழுகிவிட்டால் இரண்டு வாரம்வரை தாங்கும். வெள்ளத்தைத் தாங்கும் அந்த ஒற்றை மரபணுவைக் கண்டுபிடித்தது பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர்கள். கண்டுபிடித்த காலத்தில் மரபணு வரிசை படிப்பது நம் ஊர் வாய்க்காலுக்குச் சம்பந்தமே இல்லாத வேலையாகத்தான் தெரிந்திருக்கும். வடிகால் தூர்ந்து கிடக்கிற திருவாரூர் பக்கத்துப் பள்ளக்கால் வயலுக்கு இன்று அது கை கொடுக்கிறது.

எது உயர்ந்த இலக்கு, எது அடிப்படை என்று முன்கூட்டியே கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.


கீழத்தெரு எழுதியது:

தங்கச்சி எழுதியது நல்ல தகவல். ஆனால் 1960-களைப் பேசும்போது பாதியில் நிறுத்தக் கூடாது.

1968 ஜூலையில் இந்திய அரசு கோதுமைப் புரட்சி என்று தபால்தலை வெளியிட்டது. நாடு உணவில் தன்னிறைவு அடையப் போகிறது என்று கொண்டாட்டம். அதே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அவர்கள் கேட்டது கூலி நெல் கொஞ்சம் கூட. அன்றைய தஞ்சை மாவட்டம்தான் அது. உற்பத்தியைப் பெருக்க அரசே தேர்ந்தெடுத்துச் சிறப்புத் திட்டம் நடத்திய அதே மாவட்டம்.

அதனால் நெல் உற்பத்தி என்றாலே அடிப்படைத் தேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு காலத்தில் தேசிய இலக்குதான். டன் கணக்கில் எட்டப்பட்ட இலக்கு. அறுத்தவள் வீட்டு உலையில் என்ன வெந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இன்றைக்கும் இந்த இழையில் அடிப்படைத் தேவை என்றதும் மேட்டூர், குறுவை, கொள்முதல் என்றுதான் வருகிறது. எங்கள் தெருவில் நிலம் உள்ளவர் யாரும் இல்லை. குறுவை கருகினால் ஹெக்டேருக்கு 13,500 குறைவு என்று சொல்கிறீர்கள், குறைவுதான். எங்களுக்கு அந்தக் குறைவும் இல்லை. நிலப் பதிவான சிட்டா, அடங்கல் இருக்கிறவருக்குத்தான் நிவாரணம். நடவு போனால் நடவுக்காரிக்குப் போன கூலியை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. குத்தகைக்குப் பயிர் வைத்தவருக்கே பல இடத்தில் கிடைப்பதில்லை, கூலிக்காரரை எங்கே கேட்பது? அறுவடை இயந்திரம் வந்து அறுப்பு வேலை போனது. நடவு இயந்திரம் வந்து நடவும் குறைந்துவிட்டது. அரசு தரும் ஊரக வேலை ஒன்றுதான் நிற்கிறது, அதில் சம்பளம் மாதக்கணக்கில் தங்கி வருகிறது.

எங்கள் தெருவில் கேட்பதை எழுதுகிறேன். மனைப்பட்டா. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்காமல் சுடுகாட்டுக்குப் போக ஒரு பாதை, ஒரு பாலம். நிலத்தடி நீர் உப்பாகிப்போன இடத்தில் குடிக்கிற தண்ணீர். இவை மூன்றும் நிலவுக்குப் போவதற்கு முன்பே, புல்லட் ரயிலுக்கு முன்பே, மன்னிக்கவும், குறுவைக்கும் முன்பே.


கடைமடைக்காரன் எழுதியது:

அக்கா, எழுதியதற்கு நன்றி. சுடுகாட்டுப் பாதையைக் குறுவைக்கு முன்னால் வைத்ததை ஏற்கிறேன். மனிதன் மரியாதையோடு போய்ச் சேர வழி இல்லாத ஊரில் விளைச்சல் பேசுவதில் பொருள் இல்லை. வேலை போன நாளுக்குக் கூலித் தொழிலாளிக்கும் நிவாரணம் வேண்டும் என்பதை எங்கள் பாசனதாரர் சங்கங்களே கோரிக்கையில் சேர்க்க வேண்டும். நான் பேசுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியது என் முதல் கருத்துக்கு வலுதான் சேர்க்கிறது. இவ்வளவு பாக்கி இருக்கும்போது பெரிய இலக்குகள் எதற்கு?


பேராவூரணி தென்னை எழுதியது:

குடமுருட்டி அண்ணன் சொன்ன "அது வேறு துறை, வேறு கஜானா" என்ற வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சில தேசிய இலக்குகள் நம்மிடம் கேட்பது பணத்தை அல்ல, நிலத்தை.

எரிசக்தியில் நாடு தன்னிறைவு அடைய வேண்டும் என்பது பெரிய இலக்குதான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பெயரில் டெல்டாவுக்கு முதலில் மீத்தேன் எடுக்கும் திட்டம் வந்தது. அப்புறம் 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் என்றார்கள். மாதக்கணக்கில் ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள், எங்கள் ஊரிலிருந்தும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். அதே ஆண்டு ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் ஓடியது. கேள்வி கேட்டவர்கள்மீது தடியடி, வழக்கு. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களும் அதில் உண்டு. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உட்கார்ந்தவர்கள் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது.

நிலவுக்குப் போவதால் என் தோப்பில் ஒரு மட்டைகூட விழாது. அதனால் எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. என் நிலத்தடியைத் துளைத்துத்தான் நாடு முன்னேற வேண்டும் என்றால் அங்கேதான் வரிசை பேச வேண்டும். அங்கே சோறுதான் முதலில். அதில் பேரம் கிடையாது.


நாகை கரையோரம் எழுதியது:

இது முக்கியமான வேறுபாடு. பணத்தைப் பங்கு போடுவது ஒரு கேள்வி. ஒருவன் வாழ்கிற இடத்தையே எடுத்துக்கொள்வது வேறு கேள்வி. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறார்கள். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தக் கடலில் தொழிலுக்குப் போக முடியாமல் போகும் என்று அங்குள்ள மீனவர்கள் கேட்கிறார்கள். விண்வெளியை ஆதரித்து எழுதினவன்தான் நான். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏவ வேண்டும் என்றும் எழுதுகிறேன்.


மன்னை ஆசிரியர் எழுதியது:

இரண்டையும் சேர்த்துச் செய்த அரசும் இருந்திருக்கிறது, நம் மண்ணிலேயே. ராஜராஜன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. விமானம் இருநூறு அடிக்கு மேல். அதற்கு ஊர் ஊராக நெல் அளந்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கு அதில் என்ன மிச்சம் இருந்தது என்று கீழத்தெரு அக்கா கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் மகன் ராஜேந்திரன் கங்கை வரை போன வெற்றிக்கு நினைவுச் சின்னமாக எழுப்பியது ஒரு ஏரி. சோழகங்கம். நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேட்டில் எழுதி வைத்தான். தேசப் பெருமையும் குடிமக்கள் வயலும் ஒரே கரைக்குள் அடங்கின. இன்று பொன்னேரி என்று சொல்கிற அந்த ஏரியைத் தூர்வாரி முழுக் கொள்ளளவுக்குக் கொண்டுவருவதைவிடப் பெரிய பெருமை எது?


குடமுருட்டி எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராவூரணித் தம்பி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நிலத்தையோ நீரையோ கேட்கிற தேசிய இலக்கு எதுவானாலும் அங்கே இருக்கிறவர்களின் சோறுதான் முதலில். ரயில் போல ஒரே கஜானாவிலிருந்து போவதானாலும் அதே முறை. அகஸ்தியம்பள்ளி முடிந்த பிறகுதான் புல்லட் ரயில்.

ஆனால் விண்வெளி போன்றவற்றில் நான் முன்னால் பின்னால் என்று வரிசை போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 தரையிறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. அடுத்து என்ன செய்தார்கள்? எங்கே பிழை நடந்தது என்று பார்த்தார்கள். அடுத்த கலத்தை வடிவமைக்கும்போது, எதெல்லாம் தோற்கக்கூடும் என்று முதலில் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் இடத்தைப் பெரிதாக்கினார்கள். ஒரு இயக்குநர், ஒரு தேதி, ஒரு பொறுப்பு. நாலே வருடத்தில் இறங்கிக் காட்டினார்கள்.

இப்போது மேட்டூருக்கு வாருங்கள். 2012-லிருந்து 2019 வரை தொடர்ந்து எட்டு வருடம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. காவிரியில் தண்ணீர் வராதது நம் கையில் இல்லை, சரி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொல்லி, ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்த பிறகும் 2023-ல் ஐயாயிரம் கன அடிக்கு மல்லுக்கட்டினோம். ஆனால் வந்த தண்ணீர் கடைமடைக்குப் போகாதது நம் கையில்தான் இருக்கிறது. அது தோற்ற ஒவ்வொரு வருடமும் யாராவது உட்கார்ந்து எந்த மதகில், எந்தத் தலைப்பில், எந்த மைலில் தோற்றது என்று எழுதினார்களா? தூர்வாரும் வேலையை ஏப்ரல், மே வரை இழுத்து, தண்ணீர் திறந்த பிறகும் பொக்லைன் நின்றுகொண்டிருக்கிறது. ஷட்டருக்குக் கிரீஸ் போடவில்லை. மதகு பார்க்கும் லஸ்கர் பணியிடம் காலி. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

அரசின் நெல் கொள்முதலும் அப்படித்தான். 17 சதவீத ஈரப்பதம் என்பது விதி. டெல்டாவில் குறுவை அறுப்பதே வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது. நெல் 20, 22 சதவீதம் ஈரத்தோடுதான் வரும் என்பது ஒவ்வொரு ஆண்டும் தெரிந்த சங்கதி. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் தளர்வு கேட்டுக் கடிதம் போகும், மத்தியக் குழு வரும், மாதிரி எடுத்துப் போகும். அதற்குள் சாலையில் கொட்டிய நெல் முளைத்துவிடும். எங்கள் பக்கத்து நிலையம் ஒன்றில் தார்ப்பாய் இல்லாமல் நாற்பது கிலோச் சிப்பங்கள் மழையில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட தளமும் நிலவுப் பயணத்தைவிடக் கடினமான தொழில்நுட்பமா?

அடிப்படைத் தேவைகளை நாம் "திட்டம்" என்று விட்டுவிட்டோம். பெரிய இலக்குகளுக்கு மட்டும் தேதியும் பொறுப்பாளும் கொடுத்தோம். நிலவுக்கு எடுத்துக்கொண்ட அக்கறையைக் கடைமடைக்கு எடுத்துக்கொள் என்று கேட்பதுதான் நம் உரிமை. நிலவை விடு என்று கேட்டால் அரசுக்கு மிகவும் சுலபம். விட்டுவிட்டும் வாய்க்காலைத் தொடாமல் இருக்கும்.


கடைமடைக்காரன் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன பொறுப்பாள், தேதி எல்லாம் சரி. ஆனாலும் நான் வரிசையை விட மாட்டேன். ஒரு அரசுக்குக் கவனம் என்று ஒன்று இருக்கிறது. பணம் வேறு வேறு பெட்டியில் இருக்கலாம். பிரதமரின், முதல்வரின், கலெக்டரின் நேரம் ஒன்றுதான். பத்திரிகையின் முதல் பக்கம் ஒன்றுதான். நன்றாகப் படித்த பிள்ளை எங்கே வேலைக்குப் போக ஆசைப்படுகிறது என்பதும் அதில் அடங்கும். கெட்டிக்காரப் பொறியாளர்கள் இஸ்ரோவுக்குப் போகத் துடிக்கிறார்கள். வெண்ணாறு வடிநிலக் கோட்டத்துக்கு வர யார் துடிக்கிறார்கள்? பெரிய இலக்கு கவனத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதனால்தான் முதலில் இது, பிறகு அது என்கிறேன்.


ஆடுதுறை மாணவி எழுதியது:

அண்ணா, நான் இங்கேதான் வேலைக்கு வர விரும்புகிறேன். என் வகுப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பணியிடத்தை நிரப்பினால் வருவோம்.


கீழத்தெரு எழுதியது:

கவனம் என்று கடைமடைக்காரன் தம்பி சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. குடமுருட்டி ஐயா சொன்ன பொறுப்பாளும் வேண்டும். ஆனால் பொறுப்பாள் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வேண்டாமா? நிலவில் தோற்றால் உலகமே பார்க்கிறது. எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வராததை யார் பார்ப்பது? வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 சபை, தண்ணீர் திறப்பதற்கு ஆறு வாரம் முன்னால் வருகிறது. அன்றைக்கு நீர்வளத் துறைப் பொறியாளர் நேரில் வந்து, நம் ஊராட்சி எல்லையில் எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு மதிப்பீடு, எந்தத் தேதிக்குள் என்று படித்துக் காட்டச் சொல்லித் தீர்மானம் போடுவோம். அதே சபையில் பட்டா, சுடுகாட்டுப் பாதைத் தீர்மானங்களையும் முதலில் எழுத வேண்டும். கடைசியில் கையெழுத்து வாங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டாம். பல வருடமாக அப்படித்தான் விட்டுப்போகிறது.


பேராவூரணி தென்னை எழுதியது:

மதிப்பீட்டுப் பலகை வேலை நடக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும், அதையும் தீர்மானத்தில் சேருங்கள். கல்லணைக் கால்வாயில் 2,600 கோடிக்கு மேல் மதிப்பில் சீரமைப்பு வேலை நடந்தது. எங்கள் பக்கம் எந்த மைலில் என்ன வேலை என்று தெரிந்துகொள்ள நாங்கள் தகவல் உரிமை மனு போட வேண்டியிருந்தது.


குடமுருட்டி எழுதியது:

தீர்மான வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், நாளை இரவுக்குள் இங்கேயே போடுகிறேன். அக்கா சொன்ன வரிசையில், பட்டாவும் பாதையும் முதல் இரண்டு. மூன்றாவது குடிநீர், நான்காவது வாய்க்கால். கொள்முதல் நிலையத்துக்குக் கூரைத் தளமும் உலர்த்தும் இயந்திரமும் ஐந்தாவது. ஒவ்வொருவரும் உங்கள் ஊராட்சியில் எந்த வாய்க்கால், எந்தத் தலைப்பு மதகு, கடந்த முறை தண்ணீர் எதுவரை வந்து நின்றது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். தலைஞாயிறு, கீழையூர்க்காரர்கள் முதலில் அனுப்பினால் நல்லது, அங்கேதான் தண்ணீர் கடைசியில் வருகிறது.